சைபீரியா இளகினால் செய்யூருக்கு என்ன?

ஃப்ரீசரில் வைத்த மீன் கெடாது. கரண்ட் போனால்? உலகின் வடகோடியில் இப்போது நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

சைபீரியா, அலாஸ்கா, கனடாவில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் மண்ணுக்கு ‘பெர்மாஃப்ராஸ்ட்’ என்று பெயர். மக்காத செடி, வேர், விலங்கு எச்சங்களாக அதற்குள் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. இது வளிமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! மண் இளகினால் நுண்ணுயிரிகள் வேலையைத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் வெளியேறி, வெப்பம் கூடி, இன்னும் கொஞ்சம் மண் இளகும்.

‘அதற்கு நாம என்ன செய்ய முடியும்?’ என்று கேட்கலாம். ஈசிஆரில் முதலியார்குப்பம் படகுத்துறை அருகே தெரியும் உப்பங்கழியைப் பாருங்கள். அதன் சேற்றிலும் கார்பன் சேர்கிறது. அங்கே குளிர் செய்யும் காவலை இங்கே உவர்நீர் செய்கிறது. நீர் தேங்கிய சேற்றுக்குள் ஆக்சிஜன் போகாததால், தாவர எச்சங்கள் மெதுவாகவே மக்குகின்றன. நீரை வடித்து, தோண்டி, காயவிட்டால் அந்தக் கார்பனும் காற்றில் கலக்கும்.

அளவில் செய்யூரும் சைபீரியாவும் ஒன்றல்ல. ஆனால், இளகிய சைபீரிய மண்ணை யாராலும் திரும்ப உறைய வைக்க முடியாது. உப்பங்கழியை அப்படியே விட்டுவைக்க நம்மால் முடியும். செய்யூரில் திட்டமிடப்பட்ட 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்டப்படவில்லை; அது நல்லதுதான். அடுத்து, கழியின் எல்லையை அளந்து அரசு அறிவிக்க வேண்டும். மனை போட்ட பிறகு அளந்து பயனில்லை.