கொடி ஏறுது, நூலகத்துக்குப் பூட்டு!
ஹங்கேரி நாட்டுத் திருநாள் நமக்குச் சொல்லும் சேதி

கண்ணமங்கலம்:

ஆகஸ்டு 15. காலையில் கொடி ஏற்றியாச்சு. மிட்டாய் கொடுத்தாச்சு. பள்ளிக்கூடம் லீவு. ஆபீஸ் லீவு. "இன்னிக்காவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலு பக்கம் படிப்போம்" என்று நூலகத்துக்குப் போனால்? அங்கேயும் பூட்டு!

இது கண்ணமங்கலத்துக்கு மட்டும் வந்த வினை அல்ல. அரசு விடுமுறை நாளில் கிளை நூலகம் திறப்பதில்லை என்பது தமிழ்நாடு முழுக்க உள்ள ஏற்பாடு. சென்னை கன்னிமாரா நூலகமே தேசிய விடுமுறை என்றால் மூடித்தான் இருக்கும்.

"லீவு என்றால் எல்லாருக்கும்தானே லீவு? இதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் முன், ஹங்கேரி நாட்டுக்கு ஒரு நடை போய் வருவோம்.

அச்சாபீசில் பிறந்த திருநாள்

ஐரோப்பாவின் நடுவில் உள்ள சின்ன நாடு ஹங்கேரி. மக்கள்தொகை ஒரு கோடிக்கும் குறைவு. மார்ச் 15 அவர்களுக்குத் தேசியத் திருநாள். அன்று அரசனும் பிறக்கவில்லை, போரிலும் ஜெயிக்கவில்லை. பின்னே என்ன நடந்தது?

1848-ம் வருஷம். ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் பிடியில் நாடு. தணிக்கை அதிகாரி சம்மதம் இல்லாமல் ஒரு நோட்டீசு கூட அச்சடிக்க முடியாது. அன்று காலை 25 வயதுக் கவிஞர் பெட்டோஃபி, நண்பர்களோடு ஒரு காபிக் கடையில் இருந்து கிளம்பினார். வழியில் மாணவர்கள் சேர்ந்தார்கள். கூட்டம் நேராக ஒரு அச்சாபீசுக்குள் நுழைந்தது. மக்கள் பெயரால் எந்திரத்தைக் கைப்பற்றியது. அனுமதி கேட்காமலே இரண்டு காகிதங்கள் அச்சாயின. ஒன்று பெட்டோஃபி எழுதிய பாட்டு. மற்றது 12 கோரிக்கைகள்.

முதல் கோரிக்கை என்ன தெரியுமா? பத்திரிகைச் சுதந்திரம்!

பிற்பகல், மழையையும் பார்க்காமல் ஆயிரக்கணக்கான ஜனங்கள் தேசிய அருங்காட்சியகத்தின் முன் கூடினார்கள். நாட்டின் தேசிய நூலகமும் அந்நாளில் அந்த அருங்காட்சியகத்தோடு சேர்ந்ததுதான். அன்றைக்கே, எழுதிய குற்றத்துக்காகச் சிறையில் கிடந்த ஓர் எழுத்தாளரையும் மீட்டு வந்தார்கள்.

மறு வருஷமே ரஷ்யப் படை உதவியோடு புரட்சி நசுக்கப்பட்டது. பெட்டோஃபி போர்க்களத்தில் மாண்டார். ஆனால் அந்தக் காகிதம் சாகவில்லை. பின்னால் வந்த கம்யூனிஸ்டு ஆட்சி மார்ச் 15-ஐ வேலை நாளாக்கியது. 1989-ல் விடுமுறை திரும்பி வந்தது.

இன்று அந்த நாளில் மூவர்ண ரிப்பனை நெஞ்சில் குத்திக்கொண்டு அதே அருங்காட்சியகப் படிக்கட்டில் கூடுகிறார்கள். அரசு அருங்காட்சியகங்களில் அன்று டிக்கெட் கிடையாது. ஹங்கேரியர்கள் குடியேறிய வெளிநாட்டு ஊர்களில் பொது நூலகத்திலும் விழா நடப்பதுண்டு. காகிதத்தில் பிறந்த திருநாளை, காகிதம் இருக்கும் இடத்தில் கொண்டாடுகிறார்கள்!

நம்ம கதை குறைச்சலா?

இல்லவே இல்லை. தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்க 1878-ல் சட்டம் போட்டார் லிட்டன் பிரபு. 1882-ல் அது ரத்தானது. அதே வருஷம் சுதேசமித்திரன் பிறந்தது. 1928-ல் பாரதியார் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் கேள்வி கேட்டுக் குடைந்தார்.

படிக்கவும் எழுதவும் உரிமை கேட்டு வாங்கிய சுதந்திரம் இது. அந்தச் சுதந்திரத்தின் பெயராலேயே வாசிப்பு அறைக்குப் பூட்டா?

யார் வீட்டுக் காசு?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். ரூபாய்க்கு 10 காசு. ஆயிரம் ரூபாய் வரி கட்டினால் 100 ரூபாய் நூலகத்துக்கு. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் போட்டதே நம்ம மாகாணம்தான், 1948-ல்.

ஆக, கடைக்காரர் கொடுக்கிறார். தறிக்காரர் கொடுக்கிறார். குமாஸ்தா கொடுக்கிறார். ஆனால் வேலூருக்கும் ஆரணிக்கும் பஸ்ஸில் அலைந்துவிட்டு இருட்டின பிறகு வீடு திரும்புகிறவருக்கு நூலகப் படி ஏற எப்போது நேரம்? அவருக்கு லீவு கிடைக்கிற நாளில் நூலகத்துக்கும் லீவு!

என்ன செய்யலாம்?

நூலகரும் மனுஷர்தான். பல கிளைகளில் ஒரே ஆள்தான் எல்லா வேலையும் பார்க்கிறார். அவர் லீவைப் பறிக்கச் சொல்லவில்லை. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2. வருஷத்தில் இந்த மூன்று நாள், அதுவும் அரை நாள் திறந்தால் போதும். பதிலுக்கு வேறு நாளில் அவருக்கு ஓய்வு கொடுக்கலாம். ஒத்தாசைக்கு வாசகர் வட்டத்தார் வரட்டும்.

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய பத்திரிகைப் பிரதிகளை மேஜையில் பரப்பி வைக்கலாம். பாரதியார் புத்தகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, "ஒரு காலத்தில் போலீசு தேடின புத்தகம்டா இது" என்று சொல்லலாம். மிட்டாய் அஞ்சு நிமிஷத்தில் கரைந்துபோகும். இந்தப் பேச்சு மனசில் தங்கும்.

விதியை மாற்ற வேண்டியது அரசாங்கம். கேட்க வேண்டியது வரி கட்டுகிற நாம். அன்றைய ஹங்கேரிக்காரன் அச்சாபீசுக் கதவையே திறந்தான். நாம் கேட்பது நூலகக் கதவைத்தான். அதுவும் அரை நாளுக்கு!