இரும்புச்சத்து மாத்திரைகள்: ஏட்டுக் கணக்கும் இரத்தக் கணக்கும்

இந்தியக் கிராமப்புறத் துணைச் சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு, நான்காவது மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 180 இரும்புச்சத்து மாத்திரைகள் வழங்கப்பட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. மாத்திரை கைமாறியதும் பதிவேட்டில் ஒரு குறிப்பு ஏறுகிறது. அக்குறிப்புகள் கூட்டப்பட்டு மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என்று மேலே செல்கின்றன. இரத்தசோகை ஒழிப்பில் மாநிலங்களைத் தரவரிசைப்படுத்தும் குறியீடும் இந்த வழங்கல் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது.

இரத்தசோகைத் தடுப்பு, இந்தியாவில் 1970ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டமாகிவிட்ட ஒன்று. 2018இல் அது 'இரத்தசோகை இல்லா பாரதம்' என்ற பெயரில் புதுப்பிக்கப்பட்டது. ஆண்டுக்கு மூன்று சதவீதப் புள்ளிகள் வீதம் இரத்தசோகையைக் குறைப்பது அதன் இலக்கு.

ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டிய நிலைமை வேறாக இருந்தது. 2015-16இல் நடந்த நான்காவது சுற்றுக்கும் 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்றுக்கும் இடையே, கர்ப்ப காலத்தில் 180 நாட்களோ அதற்கு மேலோ மாத்திரை உட்கொண்டதாகக் கூறிய தாய்மாரின் விகிதம் 14.4 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக உயர்ந்தது. அதே காலத்தில் கர்ப்பிணிகளிடையே இரத்தசோகை 50.4 சதவீதத்திலிருந்து 52.2 சதவீதமாகவும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 58.6 சதவீதத்திலிருந்து 67.1 சதவீதமாகவும் அதிகரித்தது. மாத்திரையும் கூடியது, நோயும் கூடியது.

மருந்து கிராமங்களைச் சென்றடையாததே காரணம் என்ற வழக்கமான விளக்கம் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. மருந்துக் கொள்முதலுக்கென 1994இலேயே தனிக் கழகம் அமைத்து, அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பெருமளவு கட்டுப்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. அங்கேயே கர்ப்பிணிகளின் இரத்தசோகை இவ்விரு சுற்றுகளுக்கிடையே 44.4 சதவீதத்திலிருந்து 48.3 சதவீதமாக ஏறியது. ஐந்தாவது சுற்றின் களப்பணியில் ஒரு பகுதி பெருந்தொற்றுக் காலத்தில் நடந்தது உண்மையே. எனினும் அது ஒன்றே இதற்கு விடையாகிவிடாது.

வாங்கிய மாத்திரை எல்லாம் விழுங்கப்படுவதில்லை என்பது கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் அனைவரும் அறிந்த செய்தி. குமட்டலும் மலச்சிக்கலும் மலம் கறுத்துப்போவதும் பெண்களை அஞ்ச வைக்கின்றன. குழந்தை பெருத்துவிடும், பிரசவம் கடினமாகும் என்ற நம்பிக்கை வேறு. விழுங்கிய கையோடு தேநீர் அருந்தினால் உடலில் சேரும் இரும்பின் அளவு கணிசமாகக் குறைந்துவிடும். இவை எவற்றையும் மாத்திரைக் கணக்கு பதிவு செய்வதில்லை.

அதைவிட அடிப்படையான கேள்வி, நோய்க்குக் காரணம் இரும்புக் குறைபாடு மட்டும்தானா என்பது. 2016-18இல் நடத்தப்பட்ட விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வின் தரவுகளின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையிலான இரத்தசோகையுள்ள குழந்தைகளில் இரும்புக் குறைபாட்டால் அந்நிலைக்கு வந்தவர்கள் சுமார் 36.5 சதவீதத்தினரே. ஃபோலேட், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைபாடும், தொற்றுகளால் உண்டாகும் அழற்சியும் ஏனைய காரணங்களில் அடங்கும். இரும்பை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் இக்குழந்தைகளில் பலருக்குப் பயன் கிட்டாது.

அதே ஆய்வு மற்றொரு சிக்கலையும் வெளிக்கொணர்ந்தது. அவ்வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்தினருக்கே இரத்தசோகை இருப்பதாக அது கூறியது. அதற்குச் சற்று முன்னர் நடந்த குடும்ப நல ஆய்வின் 58.6 சதவீதத்துக்கும் இதற்கும் இடையே பெரிய இடைவெளி. பின்னதில் ஆறு மாதக் குழந்தைகளும் அடக்கம் என்பதால் வயது வேறுபாடு ஓரளவுக்குக் காரணமாகலாம். ஆனால் முக்கியமான வேறுபாடு இரத்தம் எடுத்த விதத்தில் இருக்கிறது. குடும்ப நல ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த துளியைச் சோதித்தது. மற்றையது நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தது. இதற்கிடையே உலக சுகாதார நிறுவனமும் 2024இல் தனது வரையறையைத் திருத்தி, 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான ஹீமோகுளோபின் எல்லையை டெசிலிட்டருக்கு 11 கிராமிலிருந்து 10.5 கிராமாகக் குறைத்தது.

ஆகவே அளவுகோலை மாற்ற வேண்டும் என்ற வாதத்தில் அறிவியல் நியாயம் உண்டு. 2023-24இல் நடந்த குடும்ப நல ஆய்வின் ஆறாவது சுற்றில் இரத்தசோகைச் சோதனை கைவிடப்பட்டு, நாள இரத்தத்தைப் பயன்படுத்தும் தனியானதோர் உணவு, உயிர்க்குறியீட்டு ஆய்விடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டதற்கு அதிகாரிகள் கூறிய காரணமும் இதுவே. ஆனால் பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே சுற்றில் அருகருகே நடத்தியிருந்தால் இரண்டையும் ஒப்பிட வழி கிடைத்திருக்கும். எண்கள் மோசமடைந்த வேளையில் பழைய அளவுகோல் எடுக்கப்பட்டதால் எழுந்த ஐயத்தை, அறிவியல் காரணம் மட்டும் போக்கிவிடவில்லை.

இது வெறும் புள்ளிவிவரச் சர்ச்சை அன்று. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் கலந்த செறிவூட்டிய அரிசியை நலத்திட்டங்கள் வழியாக 2028 டிசம்பர் வரை தொடர்ந்து வழங்க, 17,082 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அந்த அரிசியால் இரத்தசோகை குறைந்ததா என்று கேட்பவர், முன்பிருந்த நிலையை ஓர் அளவுகோலாலும் பின்வந்த நிலையை வேறோர் அளவுகோலாலும் பார்க்க நேரிடும்.

தேசிய ஆய்வுகளுக்குக் காத்திராமல் சுகாதார நிலையத்திலேயே பார்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. இரத்தசோகை கண்டறியப்பட்ட கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் கொடுத்து மாதந்தோறும் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராம் கூட உயராவிட்டால் மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் நெறிமுறையிலேயே உள்ளது. அதே பெண், அதே நிலையம், அதே கருவி என்பதால் முறை வேறுபாடு என்ற சிக்கல் அங்கு பெருமளவு குறைந்துவிடுகிறது. அந்த ஒரு கிராம் எத்தனை பெண்களுக்கு உயர்ந்தது என்பதைக் கொண்டு மாநிலங்கள் தரவரிசைப்படுத்தப்படவில்லை.