கடிதம் போய்ச் சேர வேண்டும்

சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவரும் நண்பர், அண்மையில் ஒரு கோரிக்கையோடு நம்மிடம் வந்தார். பத்தாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் விலைக்குக் கிடைக்கின்றனவாம். அத்தனை பேருக்கும் அனுப்ப அழகான மடல் ஒன்றை நாம் எழுதித் தரவேண்டுமாம். நாம் மறுத்துவிட்டோம். இலக்கியம் பேசுவோர்க்கு வணிகம் கசக்கும் என்பதனால் அன்று. அம்மடல் அவர் பிழைப்பையே கெடுத்துவிடும் என்று அஞ்சியதனால்.

கேளாதார்க்கு மொத்தமாக மடல் விடுக்கும் வழக்கம் புதியதன்று. 1978 மே மாதத்தில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் கேரி துர்க், தம் கணினிகளைப் பற்றிய அறிவிப்பை ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் அனுப்பினார். எதிர்ப்பும் கண்டனமும் வந்தன. ஆயினும் அதனால் பல இலட்சம் டாலர் விற்பனை ஆயிற்று என்று அவர் பின்னாளில் சொல்லிக்கொண்டார். நண்பரும் இதையே கேட்டார்: “அவருக்குப் பலித்தது எனக்குப் பலிக்காதா?” அன்று வந்தது ஒரு மடல். இன்று ஒவ்வொருவர் பெட்டியிலும் அப்படிப்பட்டவை குவிந்து கிடக்கின்றன. அவற்றுக்கு எரிதம் என்று தமிழில் பெயரே வைத்துவிட்டோம்.

விலைக்கு வாங்கிய பட்டியலில் செத்த முகவரிகள் மிகுதி. உயிருள்ளவர்களில் பலர் எரிதம் என்று குறித்துவிடுவர். இவ்விரண்டையும் அஞ்சல் சேவைகள் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தரவேண்டும், எரிதப் புகார் 0.3 விழுக்காட்டை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்திருக்கிறது. பெயர் கெட்டபின் நடப்பது என்ன? பத்தாண்டுகளாகப் பெட்டி வாங்கும் வாடிக்கையாளர் கேட்ட விலைப்புள்ளியும் எரிதப் பெட்டிக்குள் விழும். அவர் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு வேறு பட்டறைக்குப் போவார்.

வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி முன்பே கண்டிருக்கிறது. 1908இல் ‘இந்தியா’ இதழ் சென்னையிலிருந்து இங்கே பெயர்ந்து வந்தது. பாரதி எழுதினார், வாசகரும் இருந்தனர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். இதழ் அங்கே நுழைவதை ஆங்கில அரசு தடுத்தது. 1910 மார்ச்சில் அது நின்றுபோயிற்று. அன்று வழியை அடைத்தது அயலார் ஆட்சி. இன்று பத்தாயிரம் முகவரிகளை வாங்கி அனுப்புகிறவர் அவ்வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

அப்படியானால் மின்மடலே வேண்டாவா? வேண்டும். தம்மிடம் வாங்கியவர், விலை கேட்டவர், கண்காட்சியில் பெயரட்டை தந்தவர் ஆகியோரிடமிருந்து பட்டியல் தொடங்க வேண்டும். இனியும் எழுதலாமா என்று முதலில் கேட்க வேண்டும். ஒப்புதல் பெறுதல் இனி வெறும் நாகரிகமன்று. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையும் அதுவே. மருந்து நிறுவனத்துக்கும் பேக்கரிக்கும் ஒரே மடல் ஆகாது. பெட்டி வேறு, கவலையும் வேறு. தலைப்பில் செய்தி இருக்க வேண்டும். ஒரு மடலுக்கு ஒரு வேண்டுகோள் போதும். பதில் எழுதினால் படிக்க ஆள் இருக்க வேண்டும். வேண்டா என்றவரை அன்றே விட்டுவிட வேண்டும்.

நல்ல மடல் எப்போதும் வெல்லும் என்று நாம் சொல்லவில்லை. 1920இல் கடையத்திலிருந்து பாரதி தம் நூல்களை அச்சிடப் பொருள் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். நாற்பது கையெழுத்துப் பிரதிகள், நூலுக்குப் பத்தாயிரம் படிகள், கடனாகக் கேட்கும் தொகை, அதற்குத் தரும் வட்டி எனக் கணக்கெல்லாம் தெளிவாகவே இருந்தது. பணம் வரவில்லை. ஆனால் அந்த மடலைப் பற்றி இன்றும் நாம் பேசுகிறோம். அதைப் பெற்றவர் எவரும் தொல்லை என்று கருதியிருக்க மாட்டார். தோற்றாலும் எழுதியவர் மதிப்பைக் குறைக்காத மடல் அது. பட்டறைக்காரருக்கும் அந்த மதிப்பே முதல்.

நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். கூட்ட அழைப்புகளைக் கிடைத்த முகவரிக்கெல்லாம் நாமும் அனுப்பியதுண்டு. மூத்த வாசகர் ஒருவர், “உங்களை எனக்குத் தெரியாதே” என்று ஒற்றை வரியில் பதில் எழுதினார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

நண்பர் இப்போது மூன்றாண்டு பில் புத்தகங்களைப் புரட்டிப் பெயர்களைக் குறித்துவருகிறார். இதுவரை அறுபது தேறியிருக்கின்றன. அந்த அறுபது பேருக்கான மடலை எழுதித் தர நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.