யானைத் தந்தம், திரிசூலம், இட்லி தட்டு



நாப்பது வயசைத் தாண்டியும் கன்ட்ரோலரைக் கீழ வைக்காத ஜென்மங்கள்ல அடியேனும் ஒருத்தன். வீட்டுல திட்டு, வெளியில நக்கல், எல்லாம் வாங்கியாச்சு. இனிமே திருந்தி என்ன ஆகப்போகுது, சொல்லுங்க :-)

சமீபத்துல மூணு கேம் வரிசையா முடிச்சேன். மூணும் சுடச்சுட வந்தது கிடையாது, தள்ளுபடி வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்கின கேஸுங்க. மூணுக்கும் ஒரு ஒத்துமை உண்டு. மூணுமே நம்ம நாட்டைப் பத்தினது. அதாவது அப்படித்தான் சொல்லிக்கிறாங்க. நிஜமாவே எது நம்மளைப் பத்தினதுன்னு யோசிச்சதுலதான் இந்தப் பதிவே வந்துச்சு.

ஏன் இதுக்கு இவ்ளோ அலட்டிக்கணும்னு கேக்கலாம். இருபத்தஞ்சு வருஷமா விளையாடறேன் சாமி. வைஸ் சிட்டியோட கடற்கரை ரோடு எனக்கு மனப்பாடம். அசாசின்ஸ் கிரீட்ல ப்ளாரன்ஸ் நகரத்து மாடிக்கு மாடி தாவியிருக்கேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன்ல பனியில குதிரை ஓட்டி நடுங்கியிருக்கேன். ஊர் உலகமெல்லாம் சுத்தியாச்சு, ஆனா சேத்தியாத்தோப்பு கடைத்தெரு மாதிரி ஒரு தெருவை எந்த கேம்லயும் பார்த்ததில்ல. இது ஏக்கம்னா ஏக்கம், வயித்தெரிச்சல்னா வயித்தெரிச்சல்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1. அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி

2017ல பிளேஸ்டேஷனுக்கு வந்தது. அப்புறம் 2022ல கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு. நாட்டி டாக் கம்பெனியோட சரக்கு. க்ளோயி ஃப்ரேசர்னு பாதி இந்திய ரத்தம் ஓடுற ஒரு பொண்ணு, நாடீன்னு இன்னொரு பொண்ணு. ரெண்டு பேரும் மேற்குத் தொடர்ச்சி மலையில ஹொய்சாளர் காலத்து விநாயகர் தந்தத்தைத் தேடிப் போறாங்க. வில்லன் ஆசாவ் பின்னாடியே துரத்தறான்.

பார்க்க அட்டகாசம், மறுக்கவே முடியாது. அருவி, காடு, இடிஞ்ச கோபுரம், ஜீப்பு, நடுவுல யானை மேல ஏறிப் போற ஒரு இடம். அதுல அப்படியே சொக்கிப் போயிட்டேன்.

ஆனா பாருங்க, நான் அந்த கேம்ல என்ன செஞ்சேன்? சிலை மேல கால் வச்சு ஏறினேன். சுட்டேன். தொங்கினேன். தாவினேன். இதே வேலையைத்தான் முந்தின அன்சார்ட்டட்ல மடகாஸ்கர்லயும் செஞ்சேன், அதுக்கு முந்தி அரேபியப் பாலைவனத்துலயும் செஞ்சேன். இடம் மாறுது, கை செய்யற வேலை மாறல. பின்னாடி தொங்குற திரைச்சீலையைக் கழட்டிட்டு வேற மாட்டின கதைதான். (சிலை மேல ஏறும்போது பின்னாடி நின்னு பார்த்துக்கிட்டிருந்த அம்மா, "செருப்புக் காலோட சாமி மேல ஏறுதே, இது வெளங்குமா"ன்னு சாபமே விட்டுட்டாங்க.)

இன்னொண்ணும் உறுத்துச்சு. ஹொய்சாளர்னா எங்க பக்கத்துக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல. 1231 வாக்குல மூணாம் ராஜராஜ சோழனைக் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் பிடிச்சு சேந்தமங்கலத்துல அடைச்சு வச்சான். உளுந்தூர்பேட்டை பக்கத்துல இருக்கே, அதே சேந்தமங்கலம். ஹொய்சாள நரசிம்மன் படை அனுப்பி சோழனை மீட்டான். இதைச் சொல்ற கல்வெட்டு கடலூர் பக்கத்துல திருவந்திபுரம் கோயில்ல இருக்கு. கைதியான ராஜா, கோட்டை, பக்கத்து நாட்டுப் படைன்னு கேமுக்கு வேண்டிய அத்தனையும் நிஜமாவே நடந்திருக்கு. அவங்களுக்கு அது தேவைப்படல. தந்தம் போதுமா இருந்துச்சு.

2. ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்

இது உள்ளூர் சரக்கு. புனேவில இருக்கிற நோடிங் ஹெட்ஸ் கேம்ஸ்ங்கற சின்ன கம்பெனி 2020ல வெளியிட்டது. 2017ல கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டப் பார்த்து, அது கைகூடாம, அப்புறமும் விடாம முடிச்சிருக்காங்க. அந்தப் பிடிவாதத்துக்கே ஒரு சலாம்.

கதை எளிமை. ராஜி ஒரு சர்க்கஸ் பொண்ணு. தம்பி கோலுவை அசுரனுங்க தூக்கிட்டுப் போயிடறாங்க. துர்க்கை கொடுத்த திரிசூலத்தோட தம்பியைத் தேடிக் கிளம்பறா. கதை சொல்ற காட்சியெல்லாம் நிழல் பொம்மலாட்டம் மாதிரி வருது. சுவர் ஓவியத்துக்குப் பக்கத்துல போய் நின்னா புராணக் கதை சொல்றாங்க. ராஜஸ்தான் கோட்டைங்க கண்ணைப் பறிக்குது.

குறை? நாலஞ்சு மணி நேரத்துல சடார்னு முடிஞ்சுடுது. முக்கியமான இடத்துல 'தொடரும்' போடுற மெகா சீரியல் கணக்கா நிறுத்தியிருக்காங்க. சண்டையும் கொஞ்ச நேரத்துல ஒரே மாதிரி ஆயிடுது.

இங்கயும் அதே கேள்விதான். திரிசூலம் நம்மளோடது, சரி. ஆனா அதைப் பிடிச்சுக்கிட்டு நான் செய்யறது? குத்தறேன், உருள்றேன், மறுபடி குத்தறேன். கையில சூலத்துக்குப் பதிலா கிரேக்க ஈட்டியைக் கொடுத்தாலும் விரல் அதே பொத்தானைத்தான் அமுக்கும். பாட்டு நம்மளோடது, படம் நம்மளோடது, விளையாட்டு மட்டும் இரவல்.

3. வெண்பா

இதான் இந்தப் பதிவோட கதாநாயகி. 2023 ஜூலை கடைசியில வந்தது. கனடாவுல டொரொன்டோவில இருக்கிற விசை கேம்ஸ் பண்ணினது. 2024ல பாஃப்டாவோட சிறந்த அறிமுக விளையாட்டு விருது, சுதந்திர விளையாட்டுத் திருவிழாவோட பெரிய பரிசுன்னு அள்ளிட்டு வந்துச்சு.

1988ல கதை ஆரம்பிக்குது. தமிழ்நாட்டுலேர்ந்து கனடா போன ஒரு ஜோடி. பேரைப் பாருங்க: வெண்பா, பாவலன். பையன் பேரு கவின். பள்ளிக்கூடத்துல அவன் கெவின் ஆயிடறான். வேலை கிடைக்காத கஷ்டம், திரும்பிப் போயிடலாமாங்கற யோசனை, தமிழ்ல பேசினா இங்கிலீஷ்ல பதில் சொல்ற பையன். இதெல்லாம் நம்ம அக்கா, அண்ணன், சித்தப்பா வீடுகள்ல நடக்கறதுதான்.

இதுல சண்டை கிடையாது. சமைக்கணும், அவ்வளவுதான். அம்மா கொடுத்தனுப்பின சமையல் புத்தகம் கிழிஞ்சு, மை அழிஞ்சு கிடக்கு. காணாமப் போன படியை நாமதான் யோசிச்சுக் கண்டுபிடிக்கணும். முதல் புதிரே இட்லி! தட்டை எப்படி அடுக்கணும்? ஒரு தட்டோட குழி மேல அடுத்த தட்டோட குழி நேரா உட்காரக் கூடாது. கொஞ்சம் திருப்பி வச்சாத்தான் ஆவி மேல வரைக்கும் போகும். அடுத்து புட்டு. தேங்காய்ப்பூவும் மாவும் எந்த வரிசையில போகணும்? அப்புறம் பிரியாணி, தோசை. பின்னணியில வானொலிப் பாட்டு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துத் தமிழ் சினிமா இசை மாதிரி.

இங்கதான் மக்களே எனக்கு பல்பு எரிஞ்சுது. முதல் தடவையா ஒரு கேம்ல என் கை செஞ்ச வேலையே எங்க வீட்டு வேலை. பின்னாடி கோபுரம் இல்ல, சிலை இல்ல. ஒரு கனடா அடுப்படி மட்டும்தான். ஆனா மூணு கேம்ல இதான் சேத்தியாத்தோப்புக்கு ரொம்பப் பக்கத்துல இருந்துச்சு.

சிலை மேல ஏறினதுக்கு சாபம் விட்ட அதே அம்மா, இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. "குழாப்புட்டெல்லாம் மலையாளத்துப் பக்கம்டா, நாம இட்லி தட்டுலதானே அவிப்போம்"னு கேமோட வாதம் வேற.

இன்னொரு விஷயமும் நடந்துச்சு. அக்கா பையன் அமெரிக்காவுல பத்தாவது படிக்கறான். வாராவாரம் வீடியோ கால் வரும். "சாப்டியா?" "ம்." "படிக்கறியா?" "ம்." ரெண்டு நிமிஷத்துல போன் அக்கா கைக்குப் போயிடும். அவன் இந்த கேமை விளையாடினதுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை அவனாவே கேட்டான், தட்டை ஏன் பாட்டி திருப்பி வைக்கணும்னு. அம்மா, "ஆவி சுத்தி வரணும்டா"ன்னாங்க. அவன், "ஆவியா? பேயா பாட்டி?" பய தமிழ் கத்துக்கிட்டதே காஞ்சனா பார்த்துத்தான் :-) அம்மா சிரிச்ச சிரிப்புல போனைக் கீழ போட்டுட்டாங்க. அன்னிக்கு இருபது நிமிஷம் பேசினாங்க. அடுத்த வாரமே பழையபடி "ம்" வந்துடுச்சு, அது வேற விஷயம். ஆனா அந்த இருபது நிமிஷத்தை எந்தத் தந்தமும் எந்தச் சூலமும் கொடுக்கல.

அதே கேம்ல வளர்ந்த கவின் தனியா சமைக்கற ஒரு கட்டம் வருது. பாட்டியோட புத்தகம் முழுசாப் புரியற அளவுக்கு அவனுக்குத் தமிழ் தெரியாது. ஒரு மொழி கையை விட்டுப் போறதுன்னா என்னன்னு எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கேன். சமையல் குறிப்பு படிக்கத் தெரியாம அடுப்பு முன்னாடி நிக்கறதுதான்னு இந்த கேம் காட்டிடுச்சு.

குறையே இல்லையா? இருக்கு. ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். பின்பாதியில வருஷங்கள் கடகடன்னு ஓடுது. இன்னும் நாலு சமையல் வச்சிருக்கலாம். "இதுக்கு இவ்ளோ காசா"ன்னு நண்பர் ஒருத்தர் பொங்கினார். மூணு மணி நேர மொக்கைப் படத்துக்குக் குடும்பத்தோட போய் பாப்கார்ன் வாங்கற காசை நினைச்சா, எனக்கு இது வலிக்கல.

சரி, என்னதான் சொல்ல வர்றே?

நம்ம ஊர் கேம்னு சொன்னாலே எல்லாரும் கோயில், புராணம், ராஜா காலம்னு கிளம்பிடறாங்க. பொன்னியின் செல்வன்லயே வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்குக் குதிரையில வர்றது எங்க வீராணம் ஏரிக்கரைதான். கரையும் குதிரையும் சேர்ந்தா திறந்தவெளி கேமுக்கு இதைவிடத் தொடக்கம் வேணுமா? நானே ஆசையாப் பார்ப்பேன். ஆனா அங்கயும் ஈட்டி எறியறதோட நின்னுட்டா அது இன்னொரு ராஜிதான்.

கேமுங்கறது பார்க்கற சமாச்சாரம் இல்ல, செய்யற சமாச்சாரம். அதனால ஒரு கேம் எந்த ஊர்க்காரங்கறதை பின்னணிப் படம் தீர்மானிக்காது. கை என்ன செய்யுதுங்கறதுதான் தீர்மானிக்கும்.

எங்க பக்கத்துலயே பாருங்க. கொள்ளிடத் தண்ணி வடவாறு வழியா வீராணத்துக்கு வருது. மடை திறந்து வயலுக்கு விடணும், கடைமடைக்கும் போய்ச் சேரணும், 2004லேர்ந்து சென்னைக்கும் குழாயில போகுது. ஐப்பசி, கார்த்திகையில வெள்ளம் வந்தா கரையைக் காப்பாத்தணும். யாருக்கு எப்போ எவ்வளவு? அருமையான புதிர்.

கரும்பு? கட்டிங் ஆர்டர் வரணும், ஆள் கிடைக்கணும், வெட்டினதும் காயறதுக்குள்ள ஆலைக்குப் போகணும். தாமதமானா சர்க்கரைச் சத்து இறங்கிடும். நேரத்தோட ஓடுற கேமுக்கு வேற கடிகாரம் எதுக்கு?

விருத்தாசலம் பீங்கான்? மண்ணு சுட்டா சுருங்கும். அதனால பொம்மைக்கு அச்சைக் கொஞ்சம் பெரிசாவே செய்யணும். எவ்வளவு பெரிசுங்கறதுதான் சூட்சுமம். சூளைக்குள்ள போனதைத் திருத்த முடியாது. இதுல இல்லாத பதட்டமா துப்பாக்கிச் சண்டையில இருக்கு?

செய்ய ஆள் இல்லாம இல்ல. ராக்ஸ்டாரோட பெங்களூர் ஸ்டூடியோ ஆளுங்க ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2லயே வேலை பார்த்திருக்காங்க. நான் நடுங்கின அந்தப் பனியில நம்மாளுங்க உழைப்பும் இருக்கு. அடுத்தவன் ஊரை அச்சு அசலா கட்டத் தெரிஞ்சவங்களுக்கு நம்ம ஊரைக் கட்டத் தெரியாதா?

தடை வேற இடத்துல இருக்கு. இங்க கேம்னு சொன்னாலே பெத்தவங்க காதுல ரம்மின்னுதான் விழுது. தப்பும் சொல்ல முடியாது, காசை விட்டு உயிரையும் விட்ட செய்தி எத்தனை படிச்சோம். தமிழ்நாட்டுல 2022ல சட்டம் போட்டாங்க. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசும் காசு வச்சு ஆடற ஆன்லைன் கேமுக்குத் தடைச் சட்டம் கொண்டு வந்துச்சு. அதுக்கு முன்னாடி 2020ல பப்ஜி தடை. இந்த லட்சணத்துல, "நான் கேம் செய்யப் போறேன்"னு ஒரு பையன் வீட்டுல சொன்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். சூதாட்டம் வேற, வெண்பா வேறன்னு திரும்பத் திரும்பச் சொல்ல ஆள் வேணும். அதுக்குத்தான் பதிவர்கள் நாம இருக்கோமே.

கடைசியா உங்ககிட்ட ஒரு விண்ணப்பம். நம்மள்ல பாதிப்பேர் சமையல் குறிப்பும் ஊர்க்கதையும் எழுதறவங்கதான். இனிமே எழுதும்போது "பாட்டி சுட்ட பணியாரம் சூப்பர்"னு முடிச்சுடாதீங்க. மாவு எந்தப் பதம், எந்தப் பக்கம் திருப்பினாங்க, எப்போ எண்ணெய் விட்டாங்க, தப்பா செஞ்சா என்ன ஆகும்னு எழுதுங்க. ருசியை எழுதினா படிக்கறவனுக்கு நாக்கு ஊறும். கை போன போக்கை எழுதினா, நாளைக்கு ஒரு பொடியன் அதை வச்சு கேமே செஞ்சுடுவான்.

வாங்கறவங்களுக்கு: கண்ணுக்கு விருந்து வேணும்னா லாஸ்ட் லெகசி. நம்மூர்க்காரன் உழைப்புக்குக் கை கொடுக்கணும்னா ராஜி. வீட்டுல பாட்டியும் பேரனும் பேசிக்கறதில்லைன்னா கண்ணை மூடிக்கிட்டு வெண்பா.

வர்ட்டா!