நாலாவது முடிச்சு

நமது நாட்டில் கல்யாணம் என்றால் மூன்று முடிச்சுதான். முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுகிறார். மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு முடித்துவிடுகிறாள். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை விழுகிறது, பந்தியில் இலை போடுகிறார்கள். அதன் பிறகு, "இது உண்மையான விவாகந்தானா?" என்று கேட்கும் துணிவு பெரம்பலூரிலோ அரியலூரிலோ எவருக்கும் கிடையாது. கேட்டவர் பாயசம் சாப்பிடாமலே ஊர் திரும்ப நேரும்.

அந்தத் துணிவு படைத்தவர் உலகத்தில் ஒருவர் இருக்கிறார். அவர்தாம் ஐக்கிய அமெரிக்க ஸர்க்கார். அவர் கல்யாணத்துக்கு மொய் எழுதுவதில்லை, பந்தியில் உட்காருவதுமில்லை. ஆனால் பெண் அங்கே போய் இரண்டு வருஷம் ஆகும் சமயத்தில், "நீங்கள் இருவரும் உண்மையாகவே புருஷனும் மனைவியுமாக வாழ்ந்து வருகிறீர்களா? அதற்கு ருஜு என்ன?" என்று கேட்கிறார். இதைத்தான் நாலாவது முடிச்சு என்கிறோம். முதல் மூன்று முடிச்சுகளையும் அறியாத தமிழர் இல்லை. இந்த நாலாவதை அறிந்தவர்களோ சொற்பம். அறியாமையால் வரும் துன்பமோ பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகிறது. ஆகையால் இந்த வாரம் அதைப் பற்றிச் சற்று விவரமாகவே எழுத உத்தேசித்தோம்.

பெரம்பலூர் ஜில்லா மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் போனது. அரியலூர் சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர் போனது. 1995-ல் பெரம்பலூர் ஜில்லா திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அரியலூரோ 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-ல் மறுபடி சேர்ந்து, 2007-ல் மீண்டும் தனிக்குடித்தனம் போயிற்று. சேர்வதும் பிரிவதும் ஜில்லாக்களுக்கே இப்படி இருக்கும்போது மனிதர்களைப் பற்றிச் சொல்வானேன்! கடல் கடந்து போவதும் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்ட ராஜேந்திர சோழன் கடாரம் வரையில் கப்பற்படை அனுப்பியவன். நம் காலத்தில் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள் பலர். கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்கா போய், அங்கேயே பிரஜையாகிவிட்ட பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பெண் தேடுவது மட்டும் இன்னும் நம் ஊர்களில்தான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை பெரம்பலூர்க்காரர், அமெரிக்கப் பிரஜை. பெண் அரியலூர். 2024 பிப்ரவரியில் விவாகம் நடந்தது. மாப்பிள்ளை தம் மனைவிக்காக மனுப் போட்டார்; பெண்ணுக்குக் குடியேற்ற விசா கிடைத்தது; 2025 மார்ச்சு 10-ஆம் தேதி அமெரிக்க மண்ணில் இறங்கினாள். சில வாரங்களில் பச்சை அட்டையும் தபாலில் வந்தது. அரியலூரில் தகப்பனார், "பெண்ணுக்கு அங்கே நிரந்தர வாசம் கிடைத்துவிட்டது" என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அவர் சொன்னது பாதி உண்மை. அட்டையின் மேல் 2027 மார்ச்சு 10 என்று முடிவு தேதி அச்சாகியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நிரந்தரத்துக்கு முடிவு தேதி எப்படி வந்தது? அமெரிக்கச் சட்டப்படி, விவாகம் முடிந்து இரண்டு வருஷம் நிறைவதற்கு முன் அந்த விவாகத்தைக் காரணமாகக் கொண்டு குடியேறுகிறவருக்கு நிபந்தனையோடு கூடிய வாசந்தான் கொடுக்கப்படுகிறது. இந்த அட்டை இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். குடியேறும் நாளில் விவாகத்துக்கு இரண்டு வருஷம் நிறைந்துவிட்டிருந்தால் நிபந்தனை கிடையாது. பத்து வருஷ அட்டையே கிடைக்கும். ஆக, இது புதுத் தம்பதிகளுக்கென்றே ஏற்பட்ட சோதனை. அரியலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. சிமெண்டுத் தளம் போட்டவுடன் அதன்மேல் பாரம் ஏற்றுவதில்லை அல்லவா? தண்ணீர் விட்டு, இறுகும் வரையில் காத்திருக்கிறோம். அமெரிக்க ஸர்க்கார் கல்யாணத்தையும் இரண்டு வருஷம் அப்படி ஆறப்போட்டுப் பார்க்கிறார்.

இந்தச் சட்டம் 1986 நவம்பரில் பிறந்தது. அட்டைக்காக மாத்திரம் பொய்க் கல்யாணம் செய்துகொள்கிறவர்களைத் தடுப்பதே அதன் நோக்கம் என்றார்கள். அதற்கு முந்தின வருஷம் செனட் சபையின் விசாரணையில், இப்படிப்பட்ட விவாகங்களில் நூற்றுக்கு 30 பொய்யானவை என்று குடியேற்ற இலாகா கணக்குச் சொல்லிற்று. அந்தக் கணக்கு முறையாக எடுக்கப்பட்டதல்ல என்பது சட்டம் நிறைவேறிய பின்னரே வெளிப்பட்டது. கணக்குப் போய்விட்டது, சட்டம் நின்றுவிட்டது! பொய்க் கல்யாணம் செய்தால் ஐந்து வருஷம் வரையில் சிறையும் 2,50,000 டாலர் வரையில் அபராதமும் உண்டு. இதைக் குறை கூறுவதற்கில்லை; பொய்க்குத் தண்டனை இருக்கத்தான் வேண்டும். ஆனால் மெய்யாக வாழ்கிறவர்களும் ருஜு கையில் வைத்துக்கொள்ள வேண்டியவர்களாகிவிட்டார்கள்.

அமெரிக்காவில் இந்தியருடைய விவாகமும் பிரஜா உரிமையும் சிக்கிக்கொள்வது இது முதல் தடவையல்ல. 1923-ல் பகத் சிங் திண்டு என்பவருடைய வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கப் பிரஜைகளாக முடியாது என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் செய்தது. முன்பே பிரஜைகளானவர்களிடமிருந்தும் அந்த உரிமையைப் பறிக்க முயன்றார்கள். பிரஜையாகும் தகுதியற்ற அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையையே இழப்பாள் என்பது அக்காலத்துச் சட்டம். திண்டுக்காக வாதாடிய வக்கீல் ஸகாராம் கணேஷ் பண்டிட் 1914-ல் பிரஜையானவர். அமெரிக்கப் பெண்ணை மணந்தவர். தம் உரிமையைப் பறித்தால், அதை நம்பித் தம்மை மணந்த மனைவியும் உரிமை இழப்பாளே என்பதையும் எடுத்துக்காட்டி வாதாடினார். 1926-ல் மேல் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. மறு வருஷம் சுப்ரீம் கோர்ட் அதில் தலையிட மறுத்துவிட்டது. இந்தியர்கள் பிரஜைகளாகலாம் என்ற சட்டம் 1946-ல்தான் வந்தது. அப்போதும் வருஷத்துக்கு 100 பேர் குடியேறலாம் என்று அளவு வைத்தார்கள். அந்த நாளோடு ஒப்பிட்டால் இன்றைய நாலாவது முடிச்சு அவ்வளவு கடினமானதல்ல. ஆனால் அதைப் போடும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

விதம் இதுதான். அட்டையின் முடிவு தேதிக்கு முந்திய 90 நாட்களுக்குள், புருஷனும் மனைவியும் இருவரும் கையெழுத்திட்டு, ஐ-751 என்ற பாரத்தில் நிபந்தனையை நீக்கும்படி மனுச் செய்ய வேண்டும். நமது உதாரணத்தில் 2026 டிஸம்பர் 10 முதல் 2027 மார்ச்சு 10 வரையில். முன்னால் போட்டால் மனு திரும்பி வரக்கூடும். போடாமலே இருந்துவிட்டால் வாச உரிமை தானே முடிந்துபோய், நாட்டைவிட்டு அனுப்பும் விசாரணை தொடங்கலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிப்பு உண்டு. ஆனால் மன்னிப்பை நம்பிக் காரியம் செய்வது விவேகமல்ல. கட்டணம் 2024 ஏப்ரலில் 750 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. இவை மாறக்கூடியவையாதலால் மனுப் போடும் நாளில் இலாகாவின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மனுப் பெற்றுக்கொண்டதாக இலாகா ஒரு ரசீது அனுப்பும். 2023 ஜனவரியில் செய்த ஏற்பாட்டின்படி, அந்த ரசீது பழைய அட்டையின் ஆயுளை 48 மாதம் நீட்டிக் கொடுக்கிறது. ஆகையால் அட்டையைவிட ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தாயுடனோ, அவள் போன 90 நாட்களுக்குள்ளோ அதே நிபந்தனையுடன் குடியேறிய குழந்தைகள் இருந்தால், அவர்களையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ருஜுவைப் பற்றி. இங்கேதான் நம்மவர்கள் திண்டாடுகிறார்கள். நம் குடும்பங்களில் வாடகைச் சீட்டு கணவர் பெயரில் இருக்கும். பாங்கிக் கணக்கு கணவர் பெயரில் இருக்கும். மின்சாரச் சீட்டும் அவர் பெயரில் இருக்கும். மனைவியின் பெயர் சமையலறை டப்பாக்களின் மேல்கூட இராது! அவள் அந்த வீட்டில் இல்லை என்றா அர்த்தம்? வீடே அவளால்தான் நடக்கிறது. ஆனால் உத்தியோகஸ்தர் மேஜையின் மேல் காகிதம் பேசுமேயன்றிச் சமையல் பேசாது. இருவர் பெயரிலும் வாடகைச் சீட்டு, இருவர் பெயரிலும் பாங்கிக் கணக்கு, தம்பதிகளாகச் சேர்ந்து கொடுத்த வருமான வரிக் கணக்கு, மனைவியை வாரிசாகக் குறித்த இன்ஷூரன்ஸ், குழந்தை பிறந்திருந்தால் பிறப்புச் சான்று, சேர்ந்து பிரயாணம் செய்த சீட்டுகள், புகைப்படங்கள், இருவரையும் நேரில் அறிந்தவர்கள் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றையெல்லாம் முதல் மாதத்திலிருந்தே சேர்த்துவர வேண்டும். கடைசி மாதத்தில் அவசரமாகத் திறந்த கணக்கு சந்தேகத்தைப் போக்காது. சில சமயம் வளர்க்கவே செய்யும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் இணைக்க வேண்டும்.

நமது ஊரில் செய்யவேண்டிய காரியமும் ஒன்று உண்டு. 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தினரின் விவாகங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது. இங்கேயும் 90 நாள், அங்கேயும் 90 நாள்! இங்கே கல்யாணத்துக்குப் பின். அங்கே கெடுவுக்கு முன். கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் பெயர் ஒருவிதம், பாஸ்போர்ட்டில் ஒருவிதம், பதிவில் ஒருவிதம் என்று இருந்தால் பிற்காலத்தில் வீண் தொல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே எழுத்துகளைச் சரிபார்த்துவிடுவது நலம்.

இதுவரை சொன்னது, தம்பதிகள் ஒற்றுமையாய் வாழும்போது. ஒற்றுமை இல்லாவிட்டால்? நாம் முக்கியமாக எழுத வந்தது இதற்காகவே.

"நான் கையெழுத்துப் போட்டால்தான் நீ இந்த நாட்டில் இருக்கலாம். வாயைத் திறந்தால் அரியலூருக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். அடி பட்டும், பட்டினி கிடந்தும், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தும், கையெழுத்து ஒன்றுக்காக இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் பெண்களும் இருக்கிறார்கள். பெற்றோரும், "இன்னும் ஆறு மாதந்தானே, பொறுத்துக்கொள் அம்மா" என்று தொலைபேசியில் புத்தி சொல்கிறார்கள். இந்தப் பொறுமை தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

மெய்யான எண்ணத்தோடு விவாகம் செய்துகொண்டவள், கணவரின் கையெழுத்து இல்லாமலே தனியாக மனுச் செய்யலாம். விவாகம் கோர்ட்டில் ரத்தாகிவிட்டாலும், கணவர் இறந்துபோனாலும், அவர் அடித்தாலோ கொடுமை செய்தாலோ, திருப்பி அனுப்பினால் அவளுக்கு மிகக் கடுமையான கஷ்டம் நேரும் என்றாலும் இந்த விலக்கு உண்டு. கொடுமைக்கு ஆளானவர்களுக்கான விலக்கு 1990-ல் செய்த திருத்தத்தால் வந்தது. இப்படித் தனியாகப் போடும் மனுவுக்கு 90 நாள் கணக்கு இல்லை. கடைசி நாள் வரையில் காத்திருக்கவும் வேண்டாம். கொடுமையைக் காரணமாகக் காட்டிய மனுவின் விவரத்தைக் கணவருக்கு வெளியிடக் கூடாதென்றும் சட்டம் தடுத்திருக்கிறது. ஆனால் விவாகரத்தைக் காரணமாகக் காட்டுகிறவர் கோர்ட்டின் முடிவான தீர்ப்பைக் காட்ட வேண்டும். வழக்கு நடக்கிறது என்பது மட்டும் போதாது. இப்படிப்பட்ட மனுக்களைத் தகுந்த வக்கீலின் யோசனையோடு செய்வதே நல்லது. பாரம் நிரப்பித் தருகிறேன் என்று வரும் தரகர்களை நம்பலாகாது.

அமெரிக்காவில் கொடுமைக்கு ஆளாகிறவர்கள் 1-800-799-7233 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் உதவி கேட்கலாம். இங்கே டில்லியிலுள்ள தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியரின் விவாக வழக்குகளைக் கவனிப்பதற்கென்றே 2009-ல் ஒரு பிரிவு ஏற்பட்டிருக்கிறது. பெண்ணின் பெற்றோர் அதற்கு எழுதலாம்.

பெண்ணை விமானம் ஏற்றும்போது நம் தாய்மார்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும், அவற்றின் ருசி அந்த ஊரில் கிடைக்காது. கூடவே விவாகப் பதிவுச் சான்றையும் கொடுத்தனுப்ப வேண்டும். பாஸ்போர்ட், விசா, சான்றுகள் எல்லாவற்றின் பிரதிகளும் ஒரு கட்டாக அரியலூர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கட்டும். பாஸ்போர்ட் அவளுடைய கையிலேயே இருக்கவேண்டும் என்பதை மாப்பிள்ளை காதிலும் விழும்படி சொல்லி வைக்கலாம். நல்ல மாப்பிள்ளை இதைத் தப்பாக நினைக்கமாட்டார். அட்டை வந்த அன்று முடிவு தேதியைக் கேட்டு, அதற்கு 90 நாள் முந்திய தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பெண் தொலைபேசியில் பேசும்போது, "அட்டை வந்ததா?" என்று கேட்பதற்கு முன்னால், "நீ சௌக்கியமாக இருக்கிறாயா?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தால், அந்த மௌனத்தையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.