திண்ணையில் ஒரு தாய்



சித்திரை பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. நள்ளிரவில் திண்ணைப் பக்கம் ஒரு சத்தம். யாரோ கதவைத் தட்டுவது போல, டக் டக் டக் என்று விட்டுவிட்டுக் கேட்டது. எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், சிவப்பி. பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். கால் இறங்கும்போதெல்லாம் முட்டி தரையில் இடித்தது. கொஞ்சம் ஓய்வாள், திரும்பி வாலடியைக் கடிப்பாள், மறுபடியும் சொறிவாள். விடியும்வரை அந்தச் சத்தம் அடங்கவே இல்லை.

சிவப்பி எங்கள் தெருவின் நாட்டு நாய். இரவு எங்கள் திண்ணை, காலை டீக்கடை வாசல், மதியம் முனையிலுள்ள மெக்கானிக் பட்டறை நிழல் என்று அவளுக்கு ஒரு நாள்முறை உண்டு. அப்போது அவள் சினையாக இருந்தாள். வயிறு இறங்கி, காம்புகள் தடித்து, நடையில் ஒரு நிதானம் வந்திருந்தது. நாய்க்குச் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். அவளுக்கு ஏழு வாரம் ஆகியிருக்கும் என்பது எங்கள் கணக்கு.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தபோது மனம் கலங்கிவிட்டது. வாலடியிலும் பின்தொடைகளிலும் முடி கொட்டி, தோல் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கசிந்தது. பட்டறைத் தம்பி ஓடிவந்தார். “அக்கா, நம்ம பட்டறையில வேஸ்ட் ஆயில் கெடக்கு. ரெண்டு தடவ பூசுனா சொறி ஓடிப்போயிரும். எங்க அப்பா காலத்துல இருந்து அதான் வைத்தியம்” என்றார். எதிர்வீட்டுப் பாட்டி வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொண்டுவந்தார். நான் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடந்த அரிப்புக் களிம்பைக் கையில் எடுத்துவிட்டேன். மூன்று பேரும் செய்ய நினைத்தது அன்பினால்தான். ஆனால், மூன்றுமே அவளுக்கும் அவள் வயிற்றிலிருந்த உயிர்களுக்கும் கேடாக முடிந்திருக்கக் கூடியவை. அதை அன்று காலையே தெரிந்துகொண்டது எங்கள் நல்லூழ்.

ஆட்டோ பிடித்து அவளைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த பெண் மருத்துவர் நான் நீட்டிய களிம்பை வாங்கிப் படித்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். “அம்மா, இது மேல எதத் தடவினாலும் நக்கிடும். நக்கினது வயித்துக்குள்ள போகும். வயித்துல குட்டி இருக்கு. இத மட்டும் மனசுல வச்சுக்குங்க” என்றார்.

அந்த வார்த்தைகளை உங்களிடம் சேர்ப்பதற்காகவே இந்த மாதப் பக்கத்தை எழுதுகிறேன். நம் தெருக்களில் சினை நாய்கள் இல்லாத மாதம் கிடையாது. சொறியும் நாயைக் கண்டு இரங்காத மனமும் குறைவு. அந்த இரக்கம் கையில் எதை எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கழிவு ஆயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயில் உலோகத் துகள்களும் எரிந்த பெட்ரோலியக் கழிவும் கலந்திருக்கும். புண்ணான தோலை அது மேலும் எரித்துவிடும். நக்கினால் வாந்தி, பேதி, இன்னும் மோசமான நஞ்சேற்றம்கூட வரலாம். மண்ணெண்ணெயும் அப்படியே. மாட்டு உண்ணிக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்தைக் கண்ணளவில் கலந்து நாய் மேல் ஊற்றுவதும் பல ஊர்களில் நடக்கிறது. மாட்டுக்குரிய மருந்தையும் அளவையும் நாயின் உடம்பு தாங்காது. சினை நாய் என்றால் கேட்கவே வேண்டாம். வேப்பெண்ணெய் நமக்குப் பழகிய பொருள் என்பதால் பயமில்லாமல் எடுத்துவிடுகிறோம். எலிகளில் செய்த ஆய்வுகளில் அது கரு தங்குவதைத் தடுத்ததைக் கண்டிருக்கிறார்கள். நக்கி விழுங்கிவிடும் ஒரு சினை உயிரின் மேல் அதைப் பூசாமல் விடுவதுதான் நல்லது.

இனி, என் கையிலிருந்த களிம்பு. மருந்துக் கடைகளில் அரிப்புக்கென்று விற்கும் பல களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கிவிடும். அதனால்தான் அதன் மேல் நமக்கு அத்தனை நம்பிக்கை. சினை நாய்க்கு அது உடம்பில் ஏறினால் கரு கலையலாம், நாள் வருமுன்னே பேறு வரலாம், குட்டி மேலண்ணம் பிளந்து பிறக்கலாம். படர்தாமரைக்கு மலிவாகக் கிடைக்கும் கிரிசியோஃபல்வின் மாத்திரை குட்டிகளை ஊனமாக்கக் கூடியது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் வளரும் குட்டியின் எலும்பிலும் பல்லிலும் படிந்துவிடும். அண்மைக் காலத்தில் நாய்களின் அரிப்புக்குப் பரவலாகக் கொடுக்கும் ஒக்லாசிடினிப் மாத்திரையும் சினை நாய்க்கும் பாலூட்டும் நாய்க்கும் கூடாது. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த சீட்டை நம் நாய்க்குக் காட்டி மருந்து வாங்கும் பழக்கத்தை, சினைக்காலத்திலாவது விட்டுவிடுங்கள்.

இதைப் படித்ததும், “அப்படியானால் குட்டி போடும்வரை எதுவும் செய்யாமல் இருந்துவிடலாம்” என்று தோன்றலாம். அதுவும் தவறு. தாயின் மேல் இருப்பதெல்லாம் குட்டி பிறந்த சில நாளிலேயே குட்டிக்கு வந்துவிடும். தெள்ளுப்பூச்சி ஏறிய குட்டிகள் ரத்தம் இழந்து, ஈறு வெளுத்து, இறந்தே போவதுண்டு. சொறிப்பூச்சி உள்ள தாயோடு படுக்கும் குட்டிக்கு அந்தச் சொறி தப்பாது. ஆகவே வைத்தியம் கட்டாயம் வேண்டும், குட்டி பிறக்குமுன்பே வேண்டும். எது காரணம் என்று பார்த்து, அதற்குரிய மருந்தை மட்டும் கொடுக்க வேண்டும்.

எங்கள் மருத்துவர் காரணத்தைத் தேடிய விதம் மறக்க முடியாதது. வாலடியிலிருந்து கறுப்பு மணல் போன்ற பொடியைச் சீப்பால் வாரி, ஈரப் பஞ்சின் மேல் தட்டினார். சற்று நேரத்தில் அந்தக் கறுப்பைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் ஊறியது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது அவளிடமிருந்து அது குடித்த ரத்தம். இந்தச் சோதனையை நாம் வீட்டிலேயே செய்யலாம். அடுத்து அவள் காதுமடலின் ஓரத்தை விரலால் தேய்த்து, பின்னங்கால் தானாகச் சொறிய எழுகிறதா என்று கவனித்தார். அப்படி எழுந்தால் ஒட்டுண்ணிச் சொறியாக இருக்கலாமாம். அந்தச் சொறி காதோரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் தொடங்கும். தூக்கிக் கொஞ்சும் நம் கையிலும் வயிற்றிலும்கூடத் தடிப்பும் அரிப்பும் வரும். மருத்துவர் பிளேடால் தோலை இலேசாகச் சுரண்டி, எண்ணெய்த் துளியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பிக்கு அது இல்லை. தெள்ளுப்பூச்சிக் கடியின் ஒவ்வாமை, அரித்த இடத்தைக் கடித்துக் குதறியதால் ஏறிய கிருமி, இவ்வளவுதான். ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும்; பூச்சியின் எச்சில் பட்டால் நாள்கணக்கில் அரிக்குமாம். அரிக்கும் இடத்தைக் கடிக்கும்போது பூச்சியையும் விழுங்குவதால் நாடாப்புழு வேறு வந்து சேரும். வாலடியில் அரிசி போல வெள்ளையாக ஒட்டியிருந்தால் அதுதான்.

டெமோடெக்ஸ் என்று இன்னொரு நுண்பூச்சி உண்டு. அது எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பது. பிறந்த சில நாளில் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளரும்போது பெருகி, கண்ணைச் சுற்றியும் கால்களிலும் முடியைக் கொட்டச் செய்யும். உடம்பு முழுக்கப் பரவிய நாயை மறுபடி சினைக்கு விடாமல் கருத்தடை செய்துவிடச் சொல்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பலவீனம் குட்டிகளுக்கும் தொடரக்கூடும்.

முடி கொட்டுவதெல்லாம் நோயும் இல்லை. பேறு நெருங்கும்போது காம்புகளைச் சுற்றி முடி உதிர்வது இயல்பு. குட்டிகள் வாய் வைக்க வழி விடுகிறது உடம்பு. குட்டி போட்ட இரண்டு மூன்று மாதத்தில் உடம்பெங்கும் முடி உதிர்ந்து புதிதாக முளைப்பதும் உண்டு. தோல் சிவப்பாகாமல், அரிப்பு இல்லாமல் முடி மட்டும் உதிர்ந்தால் பயப்பட வேண்டாம்.

சிவப்பிக்குச் சினையிலும் கொடுக்கத்தக்க தெள்ளு மருந்தொன்றை மருத்துவர் எடை போட்டுப் பார்த்துக் கொடுத்தார். அத்தகைய மருந்துகள் இன்று இருக்கின்றன என்பதே பெரிய ஆறுதல். கசியும் இடங்களுக்குக் குளோர்ஹெக்சிடின் கலந்த கழுவல், சினைக்கு ஒத்துவரும் ஆன்டிபயாடிக் மாத்திரை. பிறகு சொன்னார்: “மருந்து பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க திண்ணையில இருக்கு.”

அவர் சொன்னதன் கணக்கு இதுதான். நாயின் மேல் நாம் காணும் தெள்ளுப்பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு 5 பங்குதான். மீதி 95 பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் அவள் படுக்கும் சாக்கிலும் தரை விரிசலிலும் கிடக்கிறது. ஒரு பெண் பூச்சி நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். கூட்டுக்குள் இருப்பவை மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் ஒருமுறை மருந்து போட்டு, “கேட்கவில்லை” என்று கைவிடுகிறோம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் கவனித்தால்தான் அந்த வரிசை அறும். உண்ணியின் கதையும் இதுவே; அது சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுப் போகும். உண்ணிக் காய்ச்சல் சினை நாயைச் சாய்த்துவிடக் கூடியது.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பழைய சாக்கை எரித்துவிட்டோம். தினமும் திண்ணையைக் கூட்டி, வாரம் இருமுறை கொதிநீர் ஊற்றிக் கழுவினோம். பழைய பருத்திப் புடவைகளை விரித்து, மூன்று நாளுக்கொருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்தினோம். பேன்சீப்பால் வாரி, சிக்கிய பூச்சிகளைச் சோப்புத் தண்ணீரில் போட்டோம். குளிப்பாட்டுவதற்கு வெதுவெதுப்பான நீர், நாய்க்கென்று உள்ள ஷாம்பு. நம் சோப்பு நாயின் தோலுக்கு ஒவ்வாது. தோலை வறளச் செய்து இன்னும் அரிக்க வைக்கும். வயிற்றைப் பிடித்துத் தூக்கவோ விரட்டிப் பிடிக்கவோ கூடாது. காம்புகளில் எந்த மருந்தும் பூசக் கூடாது; பேற்றுக்கு முன் வெறும் வெந்நீரில் துடைத்தாலே போதும். கூடத் திரியும் நாய்களுக்கும் பூனைகளுக்கும் சேர்த்து மருந்து வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஈறு வெளுத்தல், சாப்பிட மறுத்தல், காய்ச்சல், மூக்கில் ரத்தம், பேற்றுக்கு முன்பே நாற்றமுள்ள கசிவு, இவற்றில் எதைக் கண்டாலும் ஒரு பொழுதுகூடத் தாமதிக்க வேண்டாம். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண்ணில் கேட்டுப் பாருங்கள். அரசு கால்நடை மருந்தகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும் என்று எண்ணியிருப்பவர்கள் பலர். நாயையும் தயங்காமல் கொண்டு செல்லுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 

ஐந்தாம் நாள் இரவு, திண்ணைச் சத்தம் நின்றதைக் கவனித்தேன். பத்து நாள் கழித்து, ஒரு விடியற்காலையில் சிவப்பி ஆறு குட்டிகள் போட்டாள். ஆறும் பிழைத்தன. கண் திறக்காத அந்தக் குட்டிகளின் மேல் மருந்து போட முடியாது. அவ்வளவு சிறியவற்றுக்குப் பெரும்பாலான பூச்சி மருந்துகள் ஆகாது. சீப்பும் சுத்தமான துணியும்தான் அவற்றுக்குக் காவல்.

அந்தக் காவலை ஏற்றுக்கொண்டவர் பட்டறைத் தம்பி. காலையில் கடை திறக்குமுன் எங்கள் வீட்டில் வெந்நீர் வாங்கித் திண்ணையைக் கழுவுவார். கையிலுள்ள கிரீஸைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குட்டியைத் தொடுவார். ஒருநாள் வேறு தெருக்காரர் ஒருவர் தன் நாய்க்கென்று கழிவு ஆயில் கேட்டு வந்திருக்கிறார். “அத விடுங்கண்ணே, டாக்டர்கிட்ட போவோம், நானும் வர்றேன்” என்று பட்டறையை மூடிவிட்டு அவரோடு கிளம்பினாராம். டீக்கடையில் அதைக் கேட்டபோது என் கண் நிறைந்தது.

உங்கள் தெருவிலும் ஒரு சிவப்பி இருப்பாள். இன்றிரவு அவள் சொறியும் சத்தம் கேட்டால், நாளைக் காலை அவளோடு நீங்கள் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்