பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறீர்களா? ஒரு நாள் பஸ்ஸும் ஏறுங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் மெக்ஸிகோவில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போனில் பேசுகிற எல்லாரும் இரண்டு கேள்விதான் கேட்கிறீர்கள். "அங்க பயமா இல்லையா டீச்சர்?" "வீட்டுல பொழுது எப்படிப் போகுது?" இரண்டுக்கும் சேர்த்து என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது. அந்த ஊர்க்காரர்கள் ஒன்றிரண்டு பேரிடம் பழகி, அவர்களோடு ஒரு நாளாவது பஸ் ஏற வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? ஆறு மாதம் போகிறோம். சமைக்கிறோம், பேரனைப் பார்த்துக்கொள்கிறோம், மத்தியானம் சீரியல் பார்க்கிறோம். சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகள் காரில் ஏற்றி நாலு இடம் காட்டுகிறார்கள். போட்டோ எடுத்துத் திரும்புகிறோம். இதில் என்ன குறை என்பீர்கள். முப்பது வருஷம் பஸ், பேங்க், ரேஷன் கடை என்று தனியாகச் சமாளித்த மனுஷி, அங்கே போனதும் தெருமுனைக்குப் போகக்கூட மருமகனுக்குக் காத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் தன்னால் முடியாது என்று தானே நம்பிவிடுகிறாள். அதுதான் குறை.

எங்கள் மாடி வீட்டில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அந்த அம்மாவும் என்னைப் போல ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. டீச்சரை இங்கே 'மாயெஸ்த்ரா' என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, நம்மூர் மாதிரியே. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஸ்பானிஷ் வராது. பாதி போனில் மொழிபெயர்ப்பு, மீதி கை ஜாடை. நம் மேசை அவர்களுக்கு 'மெசா'. நம் அலமாரி அவர்களுக்கு 'அர்மாரியோ'. இரண்டு சொல்லும் நமக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தவை. அந்த மொழியும் ஸ்பானிஷும் அக்கா தங்கை. இப்படி வளர்ந்த பழக்கத்தில், போன வாரம் தான் பிறந்த ஊரான புவெப்லாவுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

மெக்ஸிகோ சிட்டியின் கிழக்கு பஸ் நிலையத்திலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 60 வயது தாண்டிய உள்ளூர்க்காரர்களுக்கு அரசாங்க அட்டை உண்டு. காட்டினால் பாதிக் கட்டணம். ஆனால் ஒரு பஸ்ஸில் சில சீட்டுகளுக்கு மட்டும்தான். அதனால் மாயெஸ்த்ரா முன்னாலேயே டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். வலது பக்க ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். மெக்ஸிகோ சிட்டியே நம் ஊட்டி உயரம்தான், சுமார் 2,240 மீட்டர். பாதை அங்கிருந்தும் மேலே ஏறி, 3,000 மீட்டரைத் தாண்டி, பைன் காட்டுக்குள் போய் இறங்குகிறது. வலப்பக்கம் போபோகாதேபெத்ல் எரிமலை. 5,400 மீட்டருக்கு மேல் உயரம், இன்றும் புகைகிறது. சுற்றுப்புற மக்கள் அதை 'தோன் கோயோ' என்று வீட்டுப் பெரியவரைப் போல அழைப்பார்கள் என்று அந்த ஐயா சொன்னார். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது தெரிந்தவர் உடன் வந்ததால் கிடைத்த காட்சி அது.

புவெப்லா 1531இல் உருவான நகரம். கட்டடம் கட்டடமாக ஓட்டுச் சித்திரங்கள். அவற்றை நீங்கள் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது இரண்டு இடங்களை.

ஒன்று, பலாஃபோக்ஸ் நூலகம். 1646இல் ஒரு பிஷப் தன் சொந்தப் புத்தகங்கள் ஐயாயிரத்தைக் கொடுத்துத் தொடங்கியது. பாதிரியார்களுக்கு மட்டுமல்ல, படிக்கத் தெரிந்த யாரும் வரலாம் என்று திறந்துவைத்தார். இன்று 45,000க்கும் மேற்பட்ட நூல்கள், உத்தரத்தை எட்டும் மர அடுக்குகள். மாயெஸ்த்ரா தன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் இங்கே கூட்டி வருவாராம். சத்தம் போடாமல் நடக்க அவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்று நடந்தே காட்டினார். எந்த வழிகாட்டியும் இதைக் காட்டியிருக்க மாட்டார்.

இரண்டாவது, ஒரு பழைய தேவாலயம். "உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி இங்கே உறங்குகிறாள்" என்றார் அவர். 1600களில் இந்தியாவில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, கொச்சி, மணிலா வழியாகக் கப்பலில் அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்டவள். பெயர் மிர்ரா என்பார்கள். ஞானஸ்நானம் கொடுத்து கதரீனா தெ சான் ஹுவான் ஆக்கினார்கள். ஆசியாவிலிருந்து வந்த எல்லாரையும் அன்று 'சீனர்' என்றே அழைத்ததால், ஊருக்கு அவள் 'புவெப்லாவின் சீனப்பெண்'. 1688இல் இறந்தாள். மெக்ஸிகோவின் புகழ்பெற்ற பாவாடை உடையை அவளோடு சேர்த்துச் சொல்வது கதைதான், ஆனால் அவள் வாழ்ந்தது உண்மை. இந்தியக் கரையிலிருந்து விருப்பமில்லாமல் இவ்வளவு தூரம் வந்தவளின் ஊரில், விரும்பி வந்த நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் என்ன நியாயம்?

சாப்பாட்டைக் கேட்பீர்கள். நான் சைவம். இங்கே சாதத்தில் கோழிச்சாறும், அவரை வகைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்வது வழக்கம். மாயெஸ்த்ரா அடுப்படி வரை போய் விசாரித்து, பூசணிப் பூ வைத்த சோள ரொட்டி வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது, அந்த ஊருக்கே பேர்போன சர்க்கரைவள்ளிக்கிழங்கு மிட்டாய்.

இனி பயத்துக்கு வருகிறேன். மெக்ஸிகோவில் வன்முறை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சில பகுதிகளில் நிலைமை மோசம்தான். மகள் பயப்படுவதும் நியாயமே. ஆனால் இது பெரிய நாடு. எந்த ஊர், எந்தப் பாதை, எந்த நேரம் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று பயணத்தைத் திட்டமிட்டவரே மாயெஸ்த்ராதான். பயத்துக்கு மருந்து கதவைச் சாத்துவது அல்ல, விவரம் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொள்வது.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளே, அப்பா அம்மா வந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்து வையுங்கள். போனில் மொழிபெயர்ப்பு பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். வீட்டு முகவரியை அந்த மொழியிலேயே எழுதி அவர்கள் பையில் வையுங்கள். பிறகு அனுப்புங்கள்.

பயணம் போகும் அக்கா, தங்கை, மதினிமார்களே, பிள்ளைகள் அழைத்துப்போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதிர்வீட்டு அம்மாவைப் பார்த்து முதலில் நீங்களே சிரியுங்கள். வணக்கம், நன்றி, எவ்வளவு என்று மூன்று சொல் கற்றுக்கொள்ளுங்கள். பஸ் தானாக வரும்.

உங்கள் அனுபவங்களையும் கீழே எழுதுங்கள். எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்